இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை

கால் எரிகிறது என்று சொன்னால் யாரும் எழுந்து இடம் தரமாட்டார்கள். கட்டுப் போட்டிருந்தால் தருவார்கள், கைத்தடி இருந்தால் தருவார்கள், வயிறு தள்ளியிருந்தால் தருவார்கள். எரிச்சல் வெளியே தெரியாது. நரம்பு டாக்டரை மறுபடி பார்க்கக் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி, உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தர் காலையும் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். ஒரு பெண் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். அந்தச் சுகம் எனக்கு எப்போது திரும்பும் என்று ஏக்கமாக இருந்தது.

இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறேன். நரம்பு வலிக்கென்று கையில் கிடைத்த சத்து மாத்திரையையெல்லாம் விழுங்குகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நடுநடுவே என் ஓரகத்தியைப் பற்றி நாலு வார்த்தை காரமாக வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவளை விட்டுவிட்டு இந்த நோயைச் சொல்ல முடியாது.

திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு டிபன் கடை இருக்கிறது. அண்ணன் தம்பி இருவர் நடத்தும் சைவக் கடை. நான் தம்பியின் சம்சாரம், மல்லிகா. அண்ணனின் சம்சாரம் சரோஜா அக்கா. எங்கள் இரண்டு கல்யாணமும் ஒரே முகூர்த்தத்தில், ஒரே மேடையில் நடந்தவை. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள், நான் தோசைக்கல் முன்னால் நிற்கிறேன். மூத்தவள் என்பதால் அவளுக்கு நாற்காலியா என்று ஆரம்பத்தில் பொருமியிருக்கிறேன். பிறகு என் தோசைக்கு ஒரு பேர் வந்துவிட்டது. செம்மங்குப்பம் கம்பெனிகளுக்கு முதல் ஷிப்ட் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "அந்தக்காதான் ஊத்துறாங்களா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்த வீட்டில் எனக்கென்று தனியாக இருந்தது தோசைக்கல் முன்னால் இருந்த அந்த இடம் ஒன்றுதான்.

மற்றதெல்லாம் இரட்டை. எங்கள் மாமியார் போட்டுவைத்த சட்டம் அது. அவர் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு ஒரு வெண்கலப் பானைக்காக இரண்டாக உடைந்ததாம். அதனால் தன் மருமகள்கள் இருவருக்கும் எது வாங்கினாலும் ஒரே மாதிரி, ஒரே நாளில் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்கு ஒரே சேலையில் இரண்டு. மிக்ஸி இரண்டு, பீரோ இரண்டு. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் சட்டம் போகவில்லை. கேட்பவர்கள் மெச்சிக்கொள்வார்கள். ஆனால் சரோஜா அக்கா நல்ல சிவப்பு. எது கட்டினாலும் அவளுக்கு எடுக்கும். அதே சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் அவள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவளுக்குத்தான் அந்தச் சட்டத்தின் அருமை தெரியும்.

சர்க்கரை வியாதி மட்டும் அவளுக்குத் தனியாக வந்தது. அதை இரண்டாக வாங்க முடியவில்லை. சில வருஷங்களில் அவளுக்கு உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது. டாக்டர் சர்க்கரை மாத்திரையோடு நரம்புக்கென்று நீளமாக, மஞ்சளாக ஒரு சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கடைக்குப் போய் இரண்டு டப்பாவோடு வந்தார்.

"நரம்புக்குச் சத்தாம். மல்லிகா நாளெல்லாம் நிக்குது. அதுக்கும் ஒன்னு வாங்கியாந்துட்டேன்" என்றார்.

எனக்கும் அப்போதே உள்ளங்காலில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்துகொண்டிருந்தது. மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன். அவளுக்கு ஒன்று வந்து எனக்கு வராமல் இருந்தால்தான் பேச்சு.

என் கால் கெட்டுப்போனதை எனக்குச் சொன்னது என் கால் இல்லை, காய்கறிக்காரர். மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். "எம்மா, ஒரு செருப்பு இங்க கெடக்குது பாரு" என்று கூப்பிட்டார். குனிந்து பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எப்போது கழன்றது என்று தெரியவில்லை. தரையில் வெறுங்கால் பட்டதும் தெரியவில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரிடம் என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை. பி12 என்ற வைட்டமின் மிகக் குறைவு என்று வந்தது. நரம்பின் மேலுறை கெடாமல் இருக்க அந்தச் சத்து வேண்டுமாம். கறி, மீன், முட்டை, பால் இவற்றில்தான் அது இயற்கையாக இருக்கிறது. நாங்கள் சைவம். நான் பால்கூட விடாத கடுங்காப்பி. போதாததற்கு, அடுப்படியில் நேரம் தவறிச் சாப்பிட்டு வந்த நெஞ்செரிச்சலுக்காக வருஷக்கணக்கில் தினம் காலையில் ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் சாப்பாட்டிலிருந்து அந்த வைட்டமின் பிரிந்து உடம்பில் சேருமாம். அமிலத்தை நான் அணைத்து வைத்திருந்தேன்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்புடுறீங்களா?" என்று அந்த டாக்டர் கேட்டார்.

"கேஸ் மாத்திரை மட்டும்தான் சார்" என்றேன். பொய் சொல்லவில்லை. சத்து மாத்திரையை யாராவது மாத்திரைக் கணக்கில் சேர்ப்பார்களா? டானிக், சத்துமாவு, பேரீச்சம்பழம் மாதிரி அதுவும் ஒன்று என்றுதான் நினைத்தேன். டாக்டரிடம் போகும்போது தயவுசெய்து நீங்கள் அப்படி நினைக்காதீர்கள்.

பி12 ஊசி போட்டார்கள். பிறகு தினம் ஒன்று சாப்பிடச் சொல்லி சின்னதாக, சிவப்பாக ஒரு பி12 மாத்திரை. சில வாரத்தில் எறும்பு ஊர்வது குறைந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

எங்கள் வீட்டில் எதையும் ஒன்றோடு நிறுத்தத் தெரியாது. என் வீட்டுக்காரர் சிவப்பு மாத்திரையை இரண்டு பேருக்கும் வாங்கினார். சரோஜா அக்காவின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். விஷயம் கேள்விப்பட்டு அவனும், "அம்மாவுக்கு ஒன்னு, சித்திக்கு ஒன்னு" என்று நரம்புச் சத்து மாத்திரை பெரிய பெரிய பாட்டிலாக இரண்டு கொடுத்தனுப்பினான். நல்ல பிள்ளை. வளர்ப்பு அப்படி.

ஒரு நாள் மத்தியானம் கடை ஓய்ந்திருந்தபோது சரோஜா அக்கா தன் மஞ்சள் டப்பாவையும் சிங்கப்பூர் பாட்டிலையும் என் முன்னால் வைத்தாள்.

"மல்லி, இது ரெண்டும் பெருசா இருக்குதுடி. தொண்டையிலயே நிக்குது. சின்னதா ஒன்னு குடுத்தாங்களே, எனக்கு அது போதும். நீதான் நிக்கிறவ. நீயே சாப்புடு."

அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குக் கிடைத்ததைவிட எனக்கு ஒன்று அதிகமாகக் கிடைத்திருக்கிறது. மாமியார் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார். என் பங்கையும் அவள் பங்கையும் சேர்த்து, காலை, மத்தியானம், ராத்திரி என்று தின்றேன்.

சரோஜா அக்காவுக்கு மாதம் போகப் போக எரிச்சல் அடங்கிக்கொண்டே வந்தது. ஒரு பிரதோஷத்துக்குக் கோயிலைச் சுற்றிவிட்டு வந்து, "இன்னைக்கு கல்லு குத்துனது தெரிஞ்சுதுடி எனக்கு!" என்று குழந்தை மாதிரி சொன்னாள். எனக்கோ கணுக்கால்வரை மரத்து, அதற்கு மேல் எரிந்தது. ராத்திரி போர்வை நுனி பட்டாலே துடிப்பேன். அவள் சிரித்துக்கொண்டே படியேறுவதைப் பார்க்கும்போது கால் எரிச்சலோடு வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொள்ளும். சாப்பிடுவதெல்லாம் நான், குணமாவது அவளா? போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஒன்றைக் கூட்டிக்கொண்டேன்.

ஒரு காலை வேளையில், கடையில் நல்ல கூட்டம். கல்லில் தண்ணீர் தெளித்ததும் ஆவி முகத்தில் அடித்தது. கண்ணை மூடினேன். அவ்வளவுதான். யாரோ தள்ளிவிட்ட மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தேன். நல்லவேளை, கல்மேல் விழாமல் மாவுப் பாத்திரத்தின்மேல் விழுந்தேன். எழுப்பி நிறுத்தினால் மறுபடி சாய்ந்தேன். உடம்பெல்லாம் மாவோடு உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டிப் போய் சரோஜா அக்கா கல்லுக்குக் கீழே இருந்த கேஸை அணைத்தாள். பிறகு, காத்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, திரும்பப் பற்றவைத்தாள். என்னை ஆட்டோவில் ஏற்றும்போது உள்ளே தோசை ஊற்றும் சத்தம் கேட்டது. விழுந்ததைவிட அதுதான் வலித்தது.

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மா ஒருவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். முதலில் தொட்டும் தட்டியும் பார்த்தார். ஒரு இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டு என் கட்டை விரலில் வைத்து, "அதிருதா?" என்றார். ஏதோ வைத்திருக்கிறார் என்பதே தெரியவில்லை. கணுக்காலில் வைத்தார். இல்லை. முழங்காலில் வைத்தபோதுதான் லேசாகத் தெரிந்தது. பிறகு இரண்டு காலையும் சேர்த்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். அவர் தோளிலேயே விழுந்தேன்.

"கீழ தரை இருக்கு, நேரா நிக்கிறோம்ங்கிறத கால்தான் மூளைக்குச் சொல்லணும். உங்க கால் சொல்ல மாட்டேங்குது. கண்ணு பாத்துப் பாத்து அந்த வேலைய செய்யுது. கண்ண மூடுனா சொல்றதுக்கு ஆள் இல்ல, விழுந்துடுறீங்க" என்றார்.

அடுத்து நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கும் சோதனை. காலில் அங்கங்கே ஒட்டி, சுளீர் சுளீரென்று சின்னச் சின்னதாகக் கரண்ட் விடுகிறார்கள். அது எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாகப் போய்ச் சேருகிறது என்று கம்ப்யூட்டர் கோடு போடுகிறது. அசைக்கிற நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, உணர்கிற நரம்புதான் அடிபட்டிருக்கிறது என்றார்கள். முதுகெலும்பை ஸ்கேன் எடுத்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. ரத்தத்தில் பி12 நிறையவே இருந்தது. ஏன் மோசமாகிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியாத அந்த நாட்கள்தான் மிகவும் பயமான நாட்கள். பேர் தெரியாத வியாதியோடு படுத்திருக்கும்போது மனசு தானே ஒவ்வொரு பேராக வைத்துப் பார்க்கிறது. என் வீட்டுக்காரர் பில் கட்டும் இடத்துக்குப் போய்விட்டு வந்தால் ரசீதை எனக்குக் காட்டாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஆனால் போர்வை என் காலில் படாமல் இருக்க அதன் நுனியைக் கட்டில் கம்பியில் கூடாரம் மாதிரி கட்டிவைத்தார். நர்ஸ் அவிழ்த்துவிட்டுப் போனால் மறுபடி கட்டுவார்.

பக்கத்துக் கட்டிலில் மங்கலம்பேட்டைக்கார அக்கா ஒருத்தி, ஜரீனா. முகத்தின் ஒரு பக்கம் வாதம் அடித்து வாய் கோணியிருந்தது. பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே அவளைப் பார்த்து அழ ஆரம்பித்துவிடுவார்கள். பழம், பிஸ்கட், துஆ ஓதுதல், கட்டிப்பிடித்தல் எல்லாம் நடக்கும். என்னைப் பார்க்க வந்தவர்கள், "மொகம் தெளிவாத்தானே இருக்குது!" என்று சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பி உச்சுக் கொட்டினார்கள். நான் ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"உங்க வியாதிக்கு மரியாதை ஜாஸ்திக்கா. என்னுத எவனும் நம்ப மாட்டேங்கிறான்."

அவள் பாதி முகத்தால் சிரித்தாள். "அடி போடி. தண்ணி குடிச்சா ஒரு பக்கமா வழியுது. ஒரு கண்ணு மூட மாட்டேங்குது, பிளாஸ்திரி ஒட்டிக்கினு தூங்குறேன். உன்னைப் பாத்து நான் எரியிறேன், நீ என்னைப் பாத்து எரியிறியா?"

அவளுக்குச் சீக்கிரமே வாய் நேராகத் தொடங்கியது. அதைப் பார்த்தும் எனக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடையில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வாங்கி வருவார் என் வீட்டுக்காரர். எங்கள் கடைக் கொத்சைவிட நன்றாக இருந்தது. அதற்கும் தனியாக ஒரு மூச்சு பொருமினேன். படுத்துக் கிடப்பவளுக்கு வேறு வேலை இல்லை.

ஒரு நாள் டாக்டரம்மா வந்து நின்று, "வீட்டுல நீங்க சாப்பிடுற எல்லாத்தையும் கொண்டுவரச் சொல்லுங்க. மருந்து, சத்து, லேகியம், நாட்டு மருந்து, ஒன்னு விடாம" என்றார்.

சரோஜா அக்காதான் ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கட்டில்மேல் வைத்து, மஞ்சள் டப்பாவையும் சிங்கப்பூர் பாட்டிலையும் தனியே எடுத்து, பின்பக்கம் படித்தார். "இதுல ஒரு நாளைக்கு எத்தன?" என்றார்.

"இதுல காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு. அக்கா பங்கு அதே மாதிரி. பாட்டில்ல மூணு வேளையும். அதுலயும் அக்கா பங்கு..." என்று சொல்லிக்கொண்டு போனேன்.

"அக்கா பங்கா?"

என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுச் சட்டத்தையும், சிவப்பு மாத்திரை மட்டும் சாப்பிட்டு சரோஜா அக்காவுக்கு எரிச்சல் அடங்கியதையும் விளக்கினார். டாக்டரம்மா என்னையும் சரோஜா அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். இந்த மாத்திரைகளில் பி6 என்று இன்னொரு வைட்டமின் இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் நரம்புக்கு நல்லது. அளவுக்கு மீறி மாதக்கணக்கில் சேர்ந்தால் அதே நரம்பைத்தான் கெடுக்கும், அதுவும் உணர்கிற நரம்பை. "ஜாஸ்தியானா ஒன்னுக்குல போயிடும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. இது அப்படி முழுசா போயிடாது" என்றார். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்ததில் என் உடம்பில் பி6 தாறுமாறாக ஏறியிருந்தது உறுதியானது. எனக்கு முதலில் இருந்த வியாதி பி12 ஊசியிலேயே பாதி போய்விட்டிருக்கிறது. இரண்டாவது வியாதி நானே தின்று வரவழைத்தது.

"உங்க அக்காவுக்கு நல்லானது எதனால தெரியுமா? சர்க்கரைக்குச் சாப்பிடுற மாத்திரையே சில பேருக்கு பி12-ஐக் குறைக்கும். அவுங்களுக்கும் அது குறைஞ்சிருக்கும். உங்க செகப்பு மாத்திரைதான் அவுங்களுக்கு வேலை செஞ்சிருக்கு. ஆனா டெஸ்ட் எடுக்காம இப்படி மாத்திக்காதீங்க, சாமி!" என்றார்.

அதாவது, என் மாத்திரையில் அவள் எழுந்து நடந்தாள். அவள் மாத்திரையில் நான் விழுந்தேன்.

சரோஜா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "நானே குடுத்துக் குடுத்து அவ கால வாங்கிட்டனே!" என்று ஓவென்று ஒரே அழுகை. நர்ஸ் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். ஜரீனா அக்கா கட்டிலிலிருந்து இறங்கிவந்து அவளை அணைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர், "அழுவாதீங்க அண்ணி, தெரியாம நடந்ததுதானே" என்று விசிறினார். டாக்டரம்மாகூட அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். நோயாளி நான். ஆறுதல் பூராவும் அவளுக்கு. அழும்போதும் அவள் முகம் அழகாகத்தான் இருந்தது.

பி6 உள்ளதையெல்லாம் நிறுத்திவிட்டு, பி12 மட்டும் தொடரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். கேஸ் மாத்திரையையும் மெல்ல மெல்லக் குறைக்கச் சொன்னார்கள். கிளம்பும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார். "நிறுத்துன ஒடனே கொறையாது. சில வாரம் இன்னும் ஜாஸ்தியாகுற மாதிரிகூட இருக்கும். பயந்துபோயி மறுபடி எடுத்துடாதீங்க." பழையபடி நாளெல்லாம் நிற்க முடியுமா என்று கேட்டேன். "பொறுத்துப் பாக்கலாம்" என்றார். முடியும் என்று அவர் சொல்லவில்லை.

எங்கள் வீடு கடைக்கு மேலேயே. ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தேன். கீழே கல்லில் மாவு விழும் சத்தம் கேட்கும், எண்ணெய் வாசம் வரும். முதல் வாரம், "அந்தக்கா எங்க?" என்று யாராவது கேட்பது காதில் விழும். அதற்காகவே காத்திருப்பேன். பிறகு கேட்பவர்கள் குறைந்தார்கள். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. டாக்டரம்மா சொன்னபடியே கால் இன்னும் மோசமானது. இடுக்கியால் பிடித்த மாதிரி இருக்கும். படியிறங்கினால் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். நிறுத்தியதுதான் தப்போ, மறுபடி ஒன்றே ஒன்று போட்டுப் பார்ப்போமோ என்று கை பரபரக்கும். ஆனால் மிச்சமிருந்ததையெல்லாம் சரோஜா அக்கா எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டிவிட்டிருந்தாள்.

அவள் தினம் கடை ஓய்ந்ததும் எனக்கு இரண்டு தோசை கொண்டுவருவாள். ஒரு நாள் ஓரம் முறுகலாக, நடுவில் பஞ்சாக, நான் ஊற்றுகிற மாதிரியே இருந்தது. ஒரு வாய் வைத்ததும் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"என்னாடி, உப்பு கம்மியா?" என்றாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது. என் மாத்திரையத் தின்னு நீ நிக்கிற. உன் மாத்திரையத் தின்னு நான் படுத்துக் கெடக்குறேன். இப்ப என் எடத்தையும் எடுத்துக்கினியா? இன்னும் என்னா வேணும் உனக்கு? சொல்லு, குடுத்துட்டுப் போறேன்."

அவள் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்தமுறை அழவில்லை.

"தொண்டையில நிக்குதுன்னு சொன்னது பொய்டி. எனக்கு அந்த மாத்திரை நல்லாத்தான் எறங்குச்சு. நாள் பூரா நீ கால மாத்தி மாத்தி நிக்கிறதக் கல்லாவுல குந்திக்கினு நான்தானே பாக்குறேன்? இந்த வீட்டுல எனக்குன்னு தனியா எவன் என்னா வாங்கியாந்தான்? எம்பேரு போட்டு டாக்டரு எழுதுனது அது ஒன்னுதான். அதத்தான் உனக்குக் குடுத்தேன்."

எழுந்து போய்விட்டாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அவள் சொன்னது நெஞ்சில் குத்தியது. குத்தியதே தவிர, கீழே மறுபடி கல் சீறும் சத்தம் கேட்டதும் பழைய எரிச்சல் அப்படியே எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் புகார் சொன்னேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"லூசு மாதிரி பேசாத. நீ படுத்த மறுநாளே அண்ணன் ஒரு தோசை மாஸ்டர வரச் சொல்லிடுச்சு. அண்ணிதான், நான் நிக்கிறேன், வேற ஆளு வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. மாஸ்டர் வந்து ஒருதபா கல்லப் புடிச்சிட்டா, அப்புறம் நீ வந்து கேட்டா எழுந்து பூடுவானா?"

சர்க்கரைக் கால். எரிச்சல் அடங்கிச் சில மாதம்கூட ஆகாத கால். அதை வைத்துக்கொண்டு அவள் என் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. விளங்கிவிட்டால் பொறாமை போய்விடும் என்று சொல்வார்கள். எனக்குப் போகவில்லை. நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று இன்னொரு பொறாமை வந்து சேர்ந்தது.

குறைய ஆரம்பித்தது என்றைக்கு என்று சொல்லத் தெரியவில்லை. குளிக்கும்போது தண்ணீர் காலில் விழுவது தெரிந்தது. பிறகு தரை ஜில்லென்று இருப்பது. பிறகு ஒரு நாள் ஒரு மிளகாய் விதை விரலிடுக்கில் உறுத்தியது. அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நரம்பு மெதுவாகத்தான் வளருமாம், கொஞ்சம் மரத்த தன்மை நின்றுவிடவும் கூடுமாம். டாக்டரம்மா மறுபடி பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் மட்டும் நின்று பாருங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்துவிடுங்கள் என்றார்.

மறுநாள் காலையிலேயே சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினேன். முதல் ஷிப்ட் கூட்டம் வந்திருந்தது. சரோஜா அக்கா கல் முன்னால் நின்றிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகி, முகமெல்லாம் வேர்வை. மாமா கல்லாவிலிருந்து என்னைப் பார்த்துவிட்டார். "சரோஜா, மல்லிகா வந்துடுச்சு பாரு. கரண்டிய அதுகிட்ட குடுத்துட்டு நீ வந்து குந்து" என்றார்.

அவள் திரும்பவில்லை.

"இன்னும் நாலு ஊத்திட்டுத் தர்றேன்" என்றாள்.

பக்கத்தில் போய்ச் சுவரோரம் நின்றேன். ஒரு பையன் இலையை நீட்டி, "அக்கா, முறுகலா ஒன்னு" என்று அவளைக் கேட்டான். அவளைத்தான் கேட்டான். அவள் ஊற்றிச் சுழற்றி, ஓரம் எழும்பும்வரை கண்ணெடுக்காமல் பார்த்து, எடுத்து அவன் இலையில் போட்டாள். அவன் ஒரு வாய் தின்றுவிட்டுத் தலையாட்டினான். அவள் உடனே என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அதற்குள் நான் கரண்டியைப் பிடுங்கிவிடுவேனோ என்கிற பார்வை. கீழுதடு உள்ளே போயிருந்தது, கழுத்து விறைத்திருந்தது. அந்த முகம் எனக்கு அத்துப்படி. வருஷக்கணக்கில் நான் வைத்திருந்த முகம் அது. சரோஜா அக்காவுக்கு என்மேல் பொறாமை. சிவப்பான, சிங்கப்பூரில் மகன் இருக்கிற, கல்லாவில் உட்காருகிற சரோஜா அக்காவுக்கு.

பாவம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"ஊத்துக்கா, ஊத்து. நான் நிக்கிறேன்" என்றேன்.

நாலு ஊற்றினாள். பிறகு மாமா இரண்டு தடவை கூப்பிட்டும் கேட்காத மாதிரி ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் கொஞ்சம் அதிகமாக விடுகிறாள். சொல்லவில்லை. கூட்டம் கரைந்து, கல்லில் கடைசி தோசையும் எடுத்த பிறகுதான் கரண்டியைத் தன் முந்தானையில் துடைத்து, மனசே இல்லாமல் என் பக்கம் நீட்டினாள். அதை வாங்க இரண்டு கையையும் நீட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது, அத்தனை நேரமும் நான் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.